நெற்றிக்காசு நழுவாத நெற்றி: மலையகப் பிரேத அறை ஒன்றில் நடந்த பயிற்சி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் கேத வீடுகளில், அதாவது சாவு வீடுகளில், பெட்டி மூடியிருப்பது அபூர்வம். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையிலோ காம்பரா என்கிற அறையிலோ முகம் தெரியக் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, தலையில் எண்ணெயும் சீயக்காயும் புறங்கையால் தொட்டு வைத்து, வாய்க்கரிசி போட்ட பிறகுதான் மூடுவார்கள். தோட்டமே வந்து குனிந்து பார்க்கும். பிரேத அறையில் செய்த வேலை நல்லதோ கெட்டதோ, அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பாது.

இந்த ஆய்வு ஒரு பெண்ணின் உடலைப் பற்றியது. கூடவே, மலையகத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் பிரேத அறைச் சிற்றூழியர்களுக்கு, உடலில் உள்ள சிறு சேதங்களைச் சீர்செய்ய அளித்த பயிற்சியைப் பற்றியது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த முகத்தில் சீர்செய்யப்பட்டவற்றில் பாதிக்கு மேல் விபத்தால் வந்தவை அல்ல. உயிர் போன பிறகு, கட்டிலிலும் சீமெந்து மேடையிலும் வந்தவை. பயிற்சியின் போக்கையே இது திருப்பிவிட்டது.

நிகழ்வு

ஐம்பது வயதைக் கடந்த, கொழுந்து பறிக்கும் பெண். மழை விட்ட பின்னேரம், தலையில் விறகுக்கட்டோடு மலையிலிருந்து லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, இறங்கியபோது கற்படியில் சறுக்கி, வடிகால் கான் ஓரத்துக் கல்லில் நெற்றி மோத விழுந்திருக்கிறார். தோட்டத்து லொறியில் பக்கத்திலுள்ள சிறிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மூச்சு இருந்தது. குழாய் போட்டுப் பார்த்தார்கள், அன்றிரவே இறந்துவிட்டார். அங்கே குளிரூட்டி இல்லை. உடல் இரவு முழுக்கச் சீமெந்து மேடையில் கிடந்தது.

விபத்து மரணம் என்பதால் சட்டப்படி விசாரணை தேவை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, பிரேத பரிசோதனைக்கு உத்தரவிட்டார். மறுநாள் உடல் எங்கள் பிரிவுக்கு வந்தது. தலைக்காயம் என்றபடியால் மண்டையைத் திறக்காமல் முடியாது.

உடலோடு இறந்தவரின் அக்காவும் மகனும் வந்தார்கள். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரவு பஸ் பிடித்து வந்திருந்தான். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், வர முடியாது, தொலைபேசியில்தான் பார்ப்பாள் என்று அக்கா சொன்னார். பிறகு எங்கள் மூத்த ஊழியரைப் பார்த்து, "தம்பி, முகத்தைக் காட்டலாம்தானே?" என்று கேட்டார்.

உடலில் கண்டவை

இடது புருவத்துக்கு மேலே ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் நீளக் கிழிசல், ஓரங்கள் நசுங்கியவை. இடது கன்னத்தில் சிராய்ப்பு. இரண்டு கண் இமைகளும் கருநீலமாக வீங்கியிருந்தன. விழுந்ததால் வந்தவை இவ்வளவுதான்.

மற்றவற்றைப் பாருங்கள். குழாயை ஒட்டிய பிளாஸ்டரின் பசை வாயோரத்தில் தோலோடு உரிந்திருந்தது. வாய் திறக்காமலிருக்கக் கோஸ் துணியால் தாடையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்; அது இரு கன்னத்திலும் பள்ளம் போட்டிருந்தது. கண்கள் அரைக்கண்ணாக விடப்பட்டதால் வெள்ளைவிழியில் பழுப்புப் பட்டை விழுந்திருந்தது. வெற்றிலை போட்டுப் பழகிய உதடுகள் காய்ந்து கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. தலைக்கு எதுவும் வைக்காமல் கிடத்தியதால் இரத்தம் முகத்தில் தங்கிக் காதும் கழுத்தும் ஊதா நிறமாகியிருந்தன. காது மடலிலும் மூக்கோரத்திலும் மஞ்சளும் பழுப்புமாகச் சிறு குழிகள். அவை எறும்பு கடித்தவை.

எறும்புக் கடிதான் பெரிய வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. அடையாளம் காட்ட உள்ளே வந்த மகன், "இது நகக்கீறல். அம்மாவை யார் அடித்தது?" என்று கேட்டான். அவனில் தவறில்லை. செத்த பிறகு எறும்பு அரித்த தோல் காய்ந்து பதனிட்ட தோல்போல் ஆகும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது காயமாகத்தான் தெரியும். அடியில் இரத்தக் கசிவு இல்லை என்பதைச் சட்ட வைத்திய அதிகாரி காட்டி விளக்கிய பிறகுதான் அவன் அடங்கினான். ஒரு கொசுவலைத் துண்டும், மேடைக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய நான்கு தகரக் கிண்ணங்களும் இருந்திருந்தால் ஒரு குடும்பத்தின் சந்தேகமும் பொலிஸின் அரைநாளும் மிஞ்சியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் சீனிப் போத்தலுக்குச் செய்கிற காவலைக்கூட உடலுக்குச் செய்யவில்லை.

முதற் பாடம் ஊசி அல்ல

பயிற்சிக்கு வந்தவர்கள் மூவர். மூத்தவர் தமிழர், வைத்தியசாலை முழுக்க அவர் 'அண்ணே'. இளையவர் சிங்களவர். மூன்றாமவர் ஒரு முஸ்லிம் பெண் ஊழியர். பெண்களின் உடலைப் பெண் கையாள வேண்டும் என்பதற்காகவே அவரைக் கேட்டு வாங்கினோம். தமிழும் சிங்களமும் கலந்துதான் எல்லாம் நடந்தது. தையல் கற்றுத் தருவார்கள் என்று நம்பி வந்தவர்களுக்கு, முதலில் மரக்கட்டையும் வசலினும் கொடுத்தபோது ஏமாற்றம்தான்.

ஆனால் கட்டைக்குத்தான் முதலிடம். இதயம் நின்றதும் இரத்தம் பள்ளம் பார்த்து இறங்குகிறது. இரண்டு மணித்தியாலத்தில் தோலில் நிறம் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் அது நிலைத்துவிடும். அதன் பிறகு தலையை உயர்த்தினாலும் ஊதா போகாது. உயிர் போன கையோடு தலைக்கும் தோளுக்கும் கட்டை கொடுத்து முகத்தை நெஞ்சை விட உயர்த்திவிட்டால், பின்னால் பூச்சுக்கே அவசியம் குறையும்.

தாடையும் அப்படியே. விறைப்பு முகத்தில்தான் முதலில் தெரியும், இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே. அதற்கு முன் வாயை மூடி, தாடைக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்தால் போதும், கட்டவே தேவையில்லை. "மலைக் குளிரில் பிணம் கெடாது" என்று இங்கே எல்லோரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை மாசிக் குளிரில் அழுகல் மெதுவாகத்தான் வரும். அதே குளிர் விறைப்பையும் நீட்டிவிடும். திறந்தபடி விறைத்த வாய், குழிக்குப் போகும் வரை திறந்தே இருக்கும்.

கண்ணை மூடி, இமைக்கு அடியில் ஈரப் பஞ்சின் மெல்லிய படலம். உதட்டுக்கும் இமைக்கும் சிராய்ப்புக்கும் வசலின். மூத்தவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது வார்டிலேயே செய்ய வேண்டிய வேலை, டொக்டர்" என்றார். பயிற்சியில் யாரும் சொன்னவற்றில் இதுவே மிகச் சரியான சொல். உடல் எங்களிடம் வரும்போது நேரம் கடந்துவிடுகிறது.

ஊசிக்கு முன் எழுத்து

எந்தச் சீர்செய்தலும் பரிசோதனைக்கு முன் கிடையாது. கழுவக்கூடக் கூடாது. காயத்தை அளந்து, படம் பிடித்து, வரைந்து, உடலை விடுவிக்கலாம் என்று எழுதிய பிறகுதான் ஊசியைத் தொடலாம். அடையாளம் காட்டுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இளையவருக்கு ஒரு கேள்வி இருந்தது. நசுங்கிய ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி நேராக்கினால் தையல் மறைந்துவிடுமே, ஏன் கூடாது? மறையும்தான். நாளைக்கு நீதவான் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னால், வெட்டி எறிந்த ஓரத்தை எங்கே தேடுவது? இந்தப் பிரேத அறையில் எதையும் வெட்டி அகற்றுவதில்லை. மடிப்போம், ஒட்டுவோம், மூடுவோம்; அவ்வளவுதான்.

தலை

வெளிநாட்டுக் கையேடுகள் முகத்துக்கும் கைக்கும் கொடுக்கிற கவனத்தை உச்சந்தலைக்குக் கொடுப்பதில்லை. இங்கே நிலைமை வேறு. எண்ணெய் வைக்க வருகிற ஒவ்வொரு கையும் தலையைத் தொடும். மண்டையைத் திறந்து மூடிய தையல் அவர்கள் விரலில் தட்டுப்பட்டால், அதிலிருந்து ஒரு சொட்டு கசிந்தால், கதை முடிந்தது.

வழக்கமாக நடக்கிற கோளாறு இது: மண்டையோட்டை வட்டமாக, தொப்பி கழற்றுவதுபோல அறுத்துவிடுகிறார்கள். திருப்பி வைத்துத் தைத்த பின், உடலைத் தூக்கி இறக்குகிற குலுக்கலில் அந்த மூடி முன்னால் வழுக்கி நெற்றியில் வரம்புபோல் ஒரு மேடு எழும்பும். நெற்றிக்காசு அதில் நிற்காது. வைக்க வைக்க நழுவும். இதைப் பல கேத வீடுகளில் பார்த்திருக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, காசை மட்டும் இன்னொருவர் எடுத்து மறுபடி வைப்பார்.

ஆகவே அறுக்கும் முன்பே சீர்செய்தல் தொடங்கியது. பெண் ஊழியர் கூந்தலை நனைத்து, ஒரு காதின் பின்னாலிருந்து உச்சிக்குச் சற்றுப் பின்னால் மறு காது வரை வகிடெடுத்து, முன்பாதியை முன்னாலும் பின்பாதியைப் பின்னாலும் கட்டினார். ஒரு மயிரும் வெட்டுப்படவில்லை. மண்டையோட்டை முன்னிருந்து ஒரு வெட்டு, பின்னிருந்து ஒரு வெட்டு என்று காதுக்கு மேலே கோணமாகச் சந்திக்க அறுத்தார்கள். அந்தக் கோணம் மூடியைப் பூட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் உட்குழியைத் துடைத்து, முள்ளந்தண்டுக்குப் போகும் துவாரத்தை அடைத்து, உறிஞ்சும் பஞ்சு வைத்து, மூடியைப் பொருத்தினார்கள். இரு பக்க நெற்றிப்பொட்டுத் தசைகளையும் அவற்றின் உறையோடு சேர்த்து இறுக்கித் தைத்தார்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியை நிறுத்துவது தலைத்தோல் அல்ல, அந்தத் தசைதான். அதன் பிறகு தலைத்தோலில் நெருக்கமான தையல். மேலே கூந்தலைக் கழுவி உலர்த்தி, பின்னல் போட்டார்கள்.

தையல் பழகியது கோழித்தோலில். பன்றிக்கால் தோல் மனிதத் தோலுக்குக் கிட்டியது. ஆனால் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதால் அதை எடுக்கவில்லை. கோழித்தோலிலும் ஒரு நன்மை உண்டு. கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தாலும் கிழிந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கறுத்தத் தடித்த நூலால் மூட்டை தைப்பதுபோல் தைத்துப் பழகிய மூத்தவர் கைக்கு அது சரியான வாத்தியார்.

நெற்றிக் கிழிசலை இளையவர் பார்த்தார். சவர்க்கார நீரால் கழுவி, ஸ்பிரிட் தொட்டு, தலை உலர்த்தும் கருவியால் நன்றாக உலர்த்தினார். ஈரத்தில் மெழுகும் ஒட்டாது, பசையும் பிடிக்காது. தோலுக்கு அடியில் மெல்லிய நூலால் மறைதையல். மேலே ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு கோடு சுப்பர் குளூ. ஓரம் நசுங்கிய இடத்தில் மட்டும் மெழுகு: தேன்மெழுகையும் வசலினையும் உருக்கிச் சோளமாவும் நிறமும் பிசைந்தது. வழவழவென்று விட்டால் அது பொம்மைத்தோல்போல் மின்னும். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி மயிர்த்துளைகளைக் கொண்டுவர வேண்டும்.

நிறம்

மலையகத்து நகரங்களின் மலர்ச்சாலைகளில், அதாவது உடலைப் பெட்டியில் வைத்துத் தயார்செய்து கொடுக்கிற கடைகளில், பொதுவாகப் பூசுவது வெள்ளையும் இளஞ்சிவப்புமான பவுடர். வெயிலிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறித்த முகத்துக்கு அதைப் பூசினால், பார்க்கிறவர்களுக்கு ஆள் மாறிவிட்டது என்றே தோன்றும். மலர்ச்சாலைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. கடையில் கிடைக்கிற நிறமே அதுதான்.

மகன் கொடுத்த படம் அடையாள அட்டையில் இருந்தது, பல வருடத்துக்கு முந்தியது. அதைப் பார்த்து இளையவர் வாயோரச் சுருக்கத்தை மெழுகால் நிரப்பப் போனார். அக்கா தடுத்தார். "அது அவளுடைய சுருக்கம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வந்தது" என்று சொல்லித் தன் தொலைபேசியிலிருந்த திருவிழாப் படத்தைக் காட்டினார். மூக்குத்தி எந்தப் பக்கம், பொட்டு எவ்வளவு பெரியது, வகிடு நடுவா ஓரமா என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தெரிந்தது. கழற்றிப் பொலிஸ் உறையில் போட்டிருந்த மூக்குத்தியைக் கையெழுத்து வைத்து வாங்கினோம்.

இமையின் கருநீலத்தின் மேல் தோல்நிறத்தை நேரே பூசினால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். முதலில் செம்மஞ்சள் சாயல் ஒரு படலம், அது நீலத்தை அடக்கியபின் மேலே தோல்நிறம். சிராய்ப்புக்கும் எறும்புக் குழிகளுக்கும் அதே முறைதான். கன்னத்துப் பள்ளம் விரலால் நெடுநேரம் வருடி வருடிப் பாதி எழும்பியது; மீதி எழும்பவில்லை. உள்ளே டியூப் லைட்டில் சரியாகத் தெரிந்த நிறம், வெளியே வாசல் வெளிச்சத்தில் ஒரு படி வெளுத்திருந்தது. மேடையை ஜன்னலோரம் உருட்டி மறுபடி சரிசெய்தார்கள். நிறம் பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில்தான் செய்வது என்பது அன்றைக்கே வழக்கமாகிவிட்டது.

வீட்டில்

உடலை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் இத்தனை வேலையும் வீண். எண்ணெய் பட்டால் மெழுகு இளகும். எங்கள் பக்கம் எண்ணெய் இல்லாமல் சடங்கு இல்லை. மூத்தவர் அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். "அக்கா, குளிப்பாட்டுவதைக் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைப் பின்னலின் அடியில் தொடுங்கள். முகத்துக்கு மஞ்சள் மட்டும் போதும்." டொக்டர் சொன்னால் 'ஆஸ்பத்திரிச் சட்டம்' என்று தள்ளியிருப்பார்கள். சாவுச் சடங்கெல்லாம் தெரிந்த ஒருவர் சொன்னபடியால் கேட்டுக்கொண்டார்கள்.

லயத்துப் பெண்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்களாம். ஆனால் மஞ்சள் எங்கள் எல்லாப் பூச்சையும் விடக் கைகொடுத்தது. மீதியிருந்த நிறவேறுபாட்டை அது ஒரே சீராக மூடிவிட்டது. குவைத்திலிருந்து மகள் பார்த்தாள். காசு நெற்றியிலேயே நின்றது. கன்னத்துப் பள்ளத்தைச் சிலர் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள். துணி கட்டிய தடம் என்று மகனே விளக்கம் சொன்னான் என்று அக்கா பின்னர் தெரிவித்தார்.

எதற்கு எல்லை

எல்லா உடலுக்கும் எல்லாம் பொருந்தாது. ஜனாஸாவை, அதாவது முஸ்லிம் ஒருவரின் உடலை, குளிப்பாட்டும்போது நீர் தோலில் பட வேண்டும். ஆகவே முஸ்லிம் குடும்பங்களின் உடல்களுக்கு மெழுகோ பூச்சோ இல்லை. கசியாத தையலும் சுத்தமும் தாமதமில்லாமல் ஒப்படைப்பதும்தான் அங்கே சீர்செய்தல். இந்த வரம்பைச் சொல்லித்தந்தது எங்கள் பெண் ஊழியர்தான். 

உள்ளங்கையால் மூடக்கூடிய காயம் வரை ஊழியர்கள் செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம். எலும்பு போயிருந்தால், எரிந்திருந்தால், அழுகத் தொடங்கியிருந்தால் தொடுவதில்லை. அப்போது முகத்தைத் துணியால் மூடி, கழுவித் துடைத்த கையை மட்டும் வெளியே வைத்துக் காட்டுவது நல்லது. பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்தாலே பல பேருக்குப் போதும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததுபோன்ற, 2025 மே 11இல் கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் கவிழ்ந்ததுபோன்ற பேரிழப்புகளில் யார் யாருடைய உடல் என்பதுதான் முதற் கேள்வி. அங்கே மெழுகை எடுத்துக்கொண்டு யாரும் முந்தக் கூடாது.

நின்றதும் நில்லாததும்

கட்டை, வசலின், சுருட்டிய துவாய், கொசுவலை ஆகிய நான்கும் நிலைத்துவிட்டன. செலவு மிகச் சொற்பம். கோண அறுப்பும் பொட்டுத்தசைத் தையலும் இப்போது இங்கே வழக்கம். நிறம் பிடிப்பது மட்டும் பயிற்சியால் முழுதாக வரவில்லை. இளையவருக்கு அது கண்ணிலேயே இருந்தது, மற்ற இருவருக்கும் இல்லை. அதைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

பாதுகாப்பில்தான் எனக்குத் திருப்தியில்லை. உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்துகிற ஃபோமல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இல் அறிவித்தது. நம் நாட்டுப் பிரேத அறைகள் பலவற்றில் இன்னும் ஜன்னலைத் திறந்து வைப்பதே காற்றோட்டம். தையல் ஊசியைக் கையில் கொடுக்கும் முன் மூவருக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி தொடங்கினோம். மூன்று தடவை, ஆறு மாதத்தில் முடிகிற வரிசை. தையல் பயிற்சி தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே தொடங்க வேண்டும்.

இன்னொரு தடை, இந்த வேலைக்கு ஊழியர் பட்டியலில் இடமே இல்லை. தையல் போடுகிறவரும் தரை துடைக்கிறவரும் சம்பளத் தாளில் ஒரே சிற்றூழியர்தான். 'பிண வேலைக்காரன்' என்று கன்ரீனில் தள்ளி உட்காருகிறவர்கள் இன்றும் உண்டு. மூத்தவர் தன் மகளின் பாடசாலையில் என்ன வேலை என்று சொல்வதில்லை. சுழற்சி முறைப்படி இளையவரை வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நிறம் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் இப்போது நோயாளருக்குத் துண்டுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பயிற்சி பெற்றவரைக் குறைந்தது இரண்டு வருடமாவது பிரேத அறையில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சுற்றுப் பயிற்சி பிரேத அறையில் நடக்காது. மூத்தவர் சொன்னபடி வார்டில், தாதியரோடும் அம்புலன்ஸ் ஊழியரோடும் நடக்கும்.